லினக்ஸில் பேசும், விண்டோஸில் ஊமை!

காமர்ஸ்காரனுக்கு ஜீரோஎம்க்யூ எதுக்குன்னு கேக்கப்படாது மக்களே. துறை விழாவில் கூப்பன் விற்றதும் அது சமையல் பக்கத் திரையில் தெரிய வேண்டும். காசு வாங்கிவிட்டு தோசை வராவிட்டால் அடி எங்களுக்குத்தான் :-)

நண்பன் எழுதிய நிரலில் முகவரி 'ஐபிசி' என்று தொடங்கியது. ஒரே கணினிக்குள் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி அது; யூனிக்ஸ் சாக்கெட்டை நம்பியது. அவனுடைய லினக்ஸில் ஓடியது. கவுண்ட்டரில் இருந்த விண்டோஸிலோ, 'இந்த புரோட்டோகால் கிடையாது' என்று பிழை. விண்டோஸ் 10-க்கு அந்த சாக்கெட் வந்ததே 2018-இல்தான்; பழைய ஜீரோஎம்க்யூ பதிப்புகளுக்கு அது தெரியாது. (மேக்கில் வேறு வம்பு: சாக்கெட் பாதைக்கு லினக்ஸ் 108 பைட் தரும், மேக் 104 தான்.)

டிசிபிக்கு மாறினோம். 127.0.0.1-இல் பைண்ட் செய்தால் பக்கத்துக் கணினிக்குக் கேட்காது, நட்சத்திரக்குறி போட வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலிலும் அனுமதி வாங்க வேண்டும்.

பிழைச்செய்தி வந்தால் கூகுளில் தேடலாம். ஆனால் பப் சாக்கெட், கேட்க ஆளில்லை என்றால் செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். சப் இணைவதற்குள் போனது போனதுதான். சப் பக்கம் சந்தா வைக்க மறந்தாலும் ஒன்றும் வராது, பிழையும் வராது. அக்கவுண்டன்சியில் விடு பிழை படித்தோமே, இருப்பாய்வு அழகாகச் சமன் ஆகும், கணக்கு மட்டும் தப்பு... அதே கதை!

அதனால் கூப்பனுக்கு வரிசை எண் கொடுத்தோம். 41-க்கு அப்புறம் 43 வந்தால் திரை சிவக்கும். விழா அன்று வைஃபை அறுந்து இரண்டு முறை சிவந்தது. ஆள் ஓடிப்போய் இரண்டு தோசைக்கும் சொல்லிவிட்டு வந்தான்.