படலையில் ஒரு மின்மணி

2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதையடுத்த வாரங்களில் எமது ஊரிற் களவும் பெருகிற்று. கோழி, துவிச்சக்கரவண்டி, வாழைக்குலை என்று தொடங்கி ஈற்றில் எமது கிணற்றடித் தண்ணீர்ப் பம்பும் போயிற்று. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காகவே அதைக் கழற்றியிருப்பார்கள் என்றனர் அயலவர்.

அடுத்த வீட்டார் மதிலை இரண்டடி உயர்த்தி மேலே போத்தல் ஓடு பதித்தனர். வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிடலாம் என்றார் மற்றொருவர். 230 வோல்ற்று கள்வனையும் குழந்தையையும் வேறு பிரித்து அறியாது. அவ்வாறான வேலிகளில் மனிதரும் யானைகளும் மாண்டுபோன நாடு இது. சட்டப்படியும் அது குற்றம். அவரை வாதிட்டு நிறுத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் வேண்டியிருந்தது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் எமக்கோ எச்சரிக்கை மணியொன்றை நாமே அமைக்கலாம் என்ற எண்ணம் தோன்றிற்று. கையாற் செய்துகொள்ளும் பழக்கம் எமது தலைமுறைக்குப் புதிதன்று. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளான பின், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் கொண்டு அதைத் திருத்தலாம் என்பதை நாம் முதலிற் கற்றது புத்தகத்திலன்று. சைக்கிள் திருத்தும் கடையொன்றின் வாங்கிலிருந்தே. சுற்றும் கை சோர்ந்தாற் செய்தியும் சோரும். அதனாற் செய்தி கேட்பது ஒருவரால் ஆகும் காரியமாக இருக்கவில்லை.

மணியின் தத்துவம் பழையது. அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853 இலேயே மின்காந்தத்தால் ஒலிக்கும் கள்வர் மணிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற கறுப்பினத் தாதி, அழைத்தாலும் பொலிசார் விரைந்து வராத அயலில் இரவுகளைத் தனியே கழிக்க அஞ்சி, கமராவும் தொலைக்காட்சித் திரையும் பூட்டிய வீட்டுக்காவல் முறையொன்றைத் தம் கணவருடன் சேர்ந்து வகுத்து, 1969 இற் காப்புரிமை பெற்றார். இன்று மாளிகை வாயில்களில் நம்மை உற்றுநோக்கும் கமராக்களுக்கு முன்னோடியை அமைத்தவர் ஓர் உழைக்கும் பெண் என்பதை அம்மாளிகைக்காரர் அறிவாரோ?

நாம் அமைத்த சுற்று எளியது. 9 வோல்ற்றுக் கலம் ஒன்று, பீசி 547 திரான்சிற்றர் ஒன்று, 47 கிலோ ஓம் தடையி ஒன்று, சிறு பசர் ஒன்று, காந்தத்தால் இயங்கும் ரீட் ஆளி ஒன்று. கலத்தின் நேர்முனையிலிருந்து தடையி வழியே திரான்சிற்றரின் அடிக்கு ஓட்டம் செல்லும். பசரை நேர்முனைக்கும் சேகரிப்பானுக்கும் இடையில் இணைக்க வேண்டும். காலி மறைமுனைக்குச் செல்லும். ரீட் ஆளியை அடிக்கும் காலிக்கும் குறுக்கே போட வேண்டும். படலை மூடியிருக்கையிற் காந்தம் ஆளியை மூடி வைத்திருக்கும், அடிக்கு வரும் ஓட்டம் ஆளிவழியே வீணே கழியும், பசர் உறங்கும். படலை திறந்து காந்தம் விலகிற்றோ, ஓட்டம் அடிக்குட் புகுந்து பசரை அலற வைக்கும். காத்திருக்கும் வேளையிற் செலவாவது ஒரு மில்லி அம்பியரின் ஐந்திலொரு பங்கே. ஆதலால் நல்ல அல்கலைன் கலம் மூன்று மாதத்துக்குக் குறையாது தாங்கும். இதில் இன்னொரு நயம் உண்டு. ஆளிக்குச் செல்லும் கம்பியைக் கள்வன் வெட்டினாலும் மணி ஒலிக்கும். வெட்டினால் வாயடைத்துப்போகும் மணி காவலுக்கு உதவாது.

பற்றாசு ஆறுமுன்னே படலையிற் பூட்டி, அன்றிரவு நிறைந்த பெருமிதத்துடன் உறங்கினோம்.

விடியற்புறம் மணி அலறிற்று. பொல்லோடு ஓடினோம். படலையடியில் நெளிந்த வாளியொன்று உருண்டு கிடந்தது. ஒழுங்கையில் ஓடுவதற்கு வயது இடங்கொடாமல், ஆச்சி ஒருவர் வேலியைப் பிடித்தபடி நடுங்கி நின்றார். நாற்பது ஆண்டுகளாக எமது கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர். “நான்தான் ஐயா, தண்ணிக்கு வந்தனான்” என்றார். அதற்குள் மதில் உயர்த்திய வீட்டிலிருந்து ரோச் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. “ஆர், கள்ளியோ?” என்றது ஒரு குரல்.

அக்கிணற்றின் வரலாற்றை இங்கு சொல்லாமல் விடுவதற்கில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் தீண்டாமைக்கெதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தில் எமது தந்தையாரும் நடந்தார். அதன் பின்னரே, உறவினர் பலர் முகந்திருப்பியும், எமது கிணற்றை ஒழுங்கைக் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டார். அவர் திறந்த படலையில் நாம் மணி கட்டினோம். களவு என்றதும் எமது மனம் கள்வனை மட்டும் நினைத்தது. வைகறையில் வருகிறவர்களை நினைக்கவேயில்லை. ஒரு வாரம் ஒருவரும் தண்ணீருக்கு வரவில்லை. அவர்கள் பாதையோரப் பொதுக் குழாயடியில் வரிசை நின்றதை நாம் பாடசாலைக்குப் போகும் வழியிற் கண்டோம்.

மணியைக் கழற்றி, புதிய பம்பு வைத்த கொட்டிலின் கதவுக்கு மாற்றிவிட்டு, ஆச்சியின் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கச் சொற்கள் சரியாக வாய்க்கவில்லை. ஆச்சி திண்ணையில் எமக்கு இடம்விட்டுத் தாம் கீழே அமர முற்பட்டார்; நாமும் கீழேயே அமர்ந்தோம். அவர்கள் வீட்டிலும் அம்மாதம் ஒரு சைக்கிள் களவு போயிருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தோம். அதைப்பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை.

எமது வகுப்பிற் படிக்கும் அவர் பேரன் கேட்டான்: “சேர், எங்கட வீட்டுக்குக் கதவில்லை, கிடுகுத் தட்டிதான். காந்தத்தை எங்க பூட்டுறது?”

உடுப்புக் கிளிப்பின் வாய்க்குள் பிளாஸ்ரிக் துண்டொன்றை வைத்து அதில் நூல் கட்டி இழுக்கும் முறையைச் சொன்னோம். “நூலை வெட்டினா?” என்றான். எம்மிடம் விடையில்லை. எமது மணியைப்பற்றி வகுப்பில் நாமே பெருமையாய்ச் சொன்ன குறையை எமது யோசனையிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

மறுவாரம் அவன் ஒரு மரத்துண்டிற் சுற்றை அமைத்துக் கொண்டுவந்தான். ரீட் ஆளியும் இல்லை, காந்தமும் இல்லை. எரிந்துபோன மின்விசிறியின் சுருளிலிருந்து உரித்த மயிர்போன்ற செம்புக் கம்பியை, நுனிகளின் பூச்சைச் சுரண்டி, ஆளி இருக்கவேண்டிய இடத்தில் இணைத்திருந்தான். அதை முற்றத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டினால், இருளில் நடப்பவன் காலில் அறுந்ததும் மணி ஒலிக்கும், வெட்டினாலும் ஒலிக்கும். அறுந்தபின் புதுக்கம்பி கட்டவேண்டும் என்பதே குறை. அதற்குத்தான் சுருள் முழுதும் இருக்கிறதே என்றான். தடையியும் திரான்சிற்றரும் பழைய வானொலியொன்றிலிருந்து கழற்றியவை. கலம் ஒன்றுக்கே காசு செலவாயிற்று. அதையே அவ்வாண்டு வகுப்பு முழுவதற்கும் செய்முறைப் பாடமாக்கினோம். விளக்கம் கூறியவன் அவன்.

ஒழுங்கையில் ஆறு வீடுகள் அக்கம்பியைக் கட்டின. முதன்முதல் அது அலறிய இரவில் எல்லா வீட்டாரும் விளக்கோடு ஓடிவந்தனர், நாமும் உட்பட. அகப்பட்டது மதில் உயர்த்திய வீட்டாரின் ஆடு. அதை ஆச்சியே கயிற்றிற் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் விட்டார்.

எமது படலைக்கு இப்போது கொளுக்கி மட்டும் உண்டு. ஆச்சி தண்ணீருக்கு வருகிறார். ஆனால் முன்போல விடியற்புறத்திலன்று, வெயில் ஏறிய பிறகே வருகிறார்.