கண்ணாடியும் காரும்

சென்ற பொங்கலுக்கு நம் தமக்கை வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒரகடத்தை அடுத்த சிற்றூர். தமக்கையின் கணவருக்கு அங்கே இரண்டு ஏக்கர் கழனி இருந்தது, 2007இல் கைமாறியது. பணத்தில் எஞ்சியது வங்கி வைப்புநிதியில் கிடக்கிறது. பேச்சுவாக்கில் அவர் கேட்டார்: “மச்சான், நம்ம கழனிப் பக்கம் நிக்கிற கம்பெனிங்களோட பங்கை வாங்கி முப்பது வருசம் வெச்சிருந்தா என்ன ஆகும்?”

யாப்பிலக்கணம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். இதற்குச் சில வாரங்கள் படிக்க வேண்டியிருந்தது.

இத்தொழிற்தடத்தின் இரு முனைகளிலும் இரண்டு பிரெஞ்சு நிறுவனங்கள் நிற்கின்றன. இரண்டுமே ஒரு காலத்தில் பிரெஞ்சு அரசின் உடைமைகள். இன்று பாரீஸ் பங்குச்சந்தையில் விலைபோகின்றன. திருப்பெரும்புதூரில் 2000 முதல் கண்ணாடி வார்க்கும் செயின்ட் கோபைன், 1665இல் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் தோன்றியது; வெர்சாய் அரண்மனையின் ஆடிக்கூடத்திற்குக் கண்ணாடி தந்தது. 1982இல் அதை நாட்டுடைமையாக்கினார்கள். 1986இல் பங்கு ஒன்று 310 பிராங்குக்குப் பொதுமக்களிடமே விற்றார்கள். ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய கார் ஆலையில் பங்காளியான ரெனால்ட், 1945இல் அரசுடைமையாகி, 1994இல் சந்தைக்கு வந்து, 1996இல் தனியார் பெரும்பான்மைக்குச் சென்றது. (2025இல் நிசான் வசமிருந்த 51 விழுக்காட்டையும் வாங்கி ஆலையை முழுதும் தனதாக்கிக்கொண்டது.)

அரசு விற்ற பங்குகள் நெடுங்காலத்தில் சந்தையை விஞ்சின என்று மெக்கின்சனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2000இல் எழுதினார்கள். அவர்கள் நெடுங்காலம் என்றது ஐந்தாண்டுகளை! சங்ககாலத்தின் வயதை நூற்றாண்டுகளில் வாதிடும் நம்போன்றோர்க்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பொருளற்ற சிரிப்பன்று. ரெனால்டைப் பாருங்கள். 1994இல் 165 பிராங்கு, அதாவது இன்றைய கணக்கில் 25 யூரோ. 2007இல் 100 யூரோவைக் கடந்தது. அவ்வாண்டில் ஓர் ஆய்வு எழுதியிருந்தால் தனியார்மயத்திற்குப் பரணி பாடியிருக்கலாம். 2020 மார்ச்சில் 20க்கும் கீழ். 2025இன் பிற்பகுதியில் 30க்கும் 40க்கும் இடையே. இடையில் கிடைத்த ஈவுத்தொகையை ஒதுக்கிவிட்டால், முப்பத்தோராண்டு காத்திருப்பின் பலன் இவ்வளவே. கண்ணாடிக்காரரோ 2009 நெருக்கடியில் புதுப்பங்குகளை 14 யூரோவுக்கு விற்றுப் பணம் திரட்டினார். 2025 நடுவில் அவர் பங்கு 90ஐத் தாண்டி நின்றது. இருவரையும் விற்றது ஒரே அரசு. ஆகவே ‘தனியார்மயம்’ என்ற சொல்லைக் கொண்டு எதையும் முன்னறிய இயலாது என்பதே நம் துணிபு. ஒருவர் கட்டுமான வேதிப்பொருள்கள் பக்கம் நகர்ந்தார். மற்றவர் நிசானின் நோயையும் சேர்த்துச் சுமந்தார்.

நம்மவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1999இல் ஏறக்குறைய 50 ரூபாயாக இருந்த யூரோ, 2025இல் 100ஐத் தாண்டியது. பங்கு அசையாமல் கிடந்திருந்தாலும் ரூபாயில் இரட்டித்திருக்கும்.

மாசியில் மறுபடி சென்றபோது இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

“தொண்ணூத்தி நாலுலதான் மச்சான், பெரியவ கல்யாணத்துக்குக் கழனிய விக்கப் பாத்தேன். வாங்க ஆளில்ல.”

பிறகு கண்ணாடிக் கம்பெனியின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். வைப்புநிதி ஆனியில் முதிர்கிறதாம். அதற்குள் வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டுமாம். எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் சொல்லவில்லை.