மீன் சுமக்கும் கண்

எண்ணூரைக் கடந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்திருப்போர், அத்திப்பட்டை அடையுமுன் கொசஸ்தலையாற்றின் மேல் செல்வர். தொலைவில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். இக்கழியில்தான், பறியைப் பற்களால் கவ்வியவாறு, நீருக்குள் கைகளால் சேற்றைத் துழாவி இறால் தேடிப் பிழைப்போர் இருக்கின்றனர். கலங்கிய நீரில் அவர்தம் கையே அவர்க்குக் கண்.

நீருக்கடியில் நிகழ்வதை அறிய அறிவியலார் வேறொரு கண்ணைத் தேடினர். 1986-இல் பெலீஸ் நாட்டுக் கடலில் மூழ்கிய கிரெக் மார்ஷல் என்பார், சுறாவின் உடலில் ஒட்டிச் செல்லும் சிறு மீனொன்றைக் கண்டார். அது இருக்குமிடத்தில் ஒரு காமிரா இருந்தாலென்ன என்று எண்ணினார். அவ்வெண்ணம் கருவியாயிற்று. பைக்கால் ஏரியின் சீல்கள் இத்தகைய கருவிகளைச் சுமந்தன. அவை இறாலைப் போன்ற ஓட்டுடலிச் சிற்றுயிர்களை ஒரே மூழ்கலில் பல பத்துகளாகப் பிடித்துண்பதை 2020-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பகாமாஸ் கடலில் புலிச்சுறாக்கள் சுமந்த காமிராக்களின் துணையோடு, 92,000 சதுர கிலோமீட்டர் வரை பரந்த கடற்புல்வெளி அங்குண்டென 2022-இல் அறியப்பட்டது. மனிதன் செல்லவியலாத இடத்திற்கு மீனே சாட்சியாய்ச் சென்று வந்தது!

இவ்வாய்வில் நம் உள்ளத்தைத் தொட்டது பிறிதொன்று. மீனின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மேல் கருவியின் எடை இருத்தலாகாது என்பது ஆய்வாளர் பலர் நெடுநாள் கைக்கொண்ட அளவு. அவ்வளவின்படி நம் கழியின் அரைக் கிலோ மடவை மீன் பத்து கிராமே சுமக்கலாம். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்து, அதனைப் பட்டினியிட்டு வருத்திய உரிமையாளரை அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். வாயற்ற உயிரின் சுமையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்க்கும் அவ்வறிவியலை நாம் மதிக்காதிருப்பது எங்ஙனம்?

ஆயின், நிறுக்காமலே நாம் ஏற்றிய சுமையொன்று உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் இக்கழியில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கிற்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் இக்கழியிலேயே பரவிற்று. மீனவர்கள் அதனை வாளிகளில் அள்ளினர். இறால் தேடிய நீரில் எண்ணெய் அள்ளும் நிலை வந்தது. இந்நீரில் எந்த மீனின் முதுகில் காமிராவைக் கட்டினும், அது காணப்போவது இருளையே. அவ்விருளும் ஒரு சாட்சியமன்றோ?

மறுமையில் வாய்கள் முத்திரையிடப்படும். கைகள் பேசும் என்பது நம் ஈமான். எண்ணெய் அள்ளிய கைகள் தம் கதையைச் சொல்லும். அந்த அனல்மின் நிலையம் தரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நம் இல்லங்களிலும் விளக்காய் எரிகிறது. அவ்விளக்கொளியில்தான் இதனை எழுதுகிறோம். விசையைத் தட்டிய நம் கைகள் அன்று என்ன சொல்லும்? மீனின் மீது ஏற்றிய சுமையை நிறுத்துப் பார்க்க, அந்நாள்வரை காத்திராதிருப்போமாக.