செவப்பு டக்கோட்டா

போளூரில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு விமானம் உண்டு. கோத்தகிரிப் பக்கம் மலையில் மோதி விழுந்த ஏர் இந்தியா விமானம், விழுவதற்கு முன்னால் எங்கள் காட்டுக்கு மேலேதான் போனது, செக்கச்செவேலென்று இருந்தது என்பது கதை. தாத்தா சொல்லி, அப்பா சொல்லி, கல்யாண வீட்டுத் திண்ணைகளில் சித்தப்பாக்கள் சொல்லி வளர்ந்த கதை. அதைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று இருப்பவர் என் பெரிய அத்தை மட்டும்தான்.

இந்தக் கதை எனக்கு எரிச்சல் தந்ததற்குக் காரணம் வரைபடம். 1950 டிசம்பர் 13 அன்று அந்த டிசி-3, அதாவது டக்கோட்டா, பம்பாயிலிருந்து கோயம்புத்தூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. நீலகிரியின் வடபகுதியில் ரங்கசாமி தூண் அருகே மோதியது. போளூரோ கோயம்புத்தூருக்குத் தென்கிழக்கே, கவுஞ்சி கிராமத்தையும் தாண்டி, பழனி மலையின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரையே எட்டாத விமானம் எங்கள் ஊரைத் தாண்டியிருக்க வழியே இல்லை. இதை வீட்டில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் விமான சிமுலேட்டருக்கு லிவரி வரைகிறவன். விமானத்தின் உடலில் பட்டை, எழுத்து, வால் சின்னம் என்று நிறுவனங்கள் பூசிக்கொள்ளும் உடுப்புதான் லிவரி. பழைய நிறுவனங்களின் உடுப்புகளைத் தேடிப்பிடித்து, கணினியில் பறக்கும் விமானத்துக்கு மாட்டிவிடுவது எங்கள் வேலை. இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 1971இல் வந்த ‘எம்பரர் அசோகா’விலிருந்துதான் தொடங்குவார்கள். ஏர் இந்தியாவின் முதல் 747, ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றி ராஜஸ்தான் அரண்மனை மாடம்போலச் சிவப்பு வளைவு. அந்த வளைவுகளை மூக்குப் பகுதியின் வளைவில் கோணாமல் உட்காரவைப்பதே ஒரு தேர்வு. 2016இல் கபாலி படத்துக்காக ஏர் ஏசியா ஒரு ஏ320 விமானத்தில் ரஜினியைப் பூசியபோதும் சிமுலேட்டருக்கு அதை வரைந்தவர்கள் உண்டு. படத்துக்குப் பஞ்சமில்லாத விமானங்கள் அவை.

என் மனம் மட்டும் அந்த டக்கோட்டாவிலேயே நின்றது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் தன் 40ஆம் ஆண்டுப் பதிப்பில், 2022இல், ஒரு டிசி-3 விமானத்தைக் கொடுத்தது. அதற்கு 1950ஆம் ஆண்டின் ஏர் இந்தியா உடுப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும், அது சிவப்பா இல்லையா என்று முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சிவப்புக்குச் சான்று தேடியதில்தான் காலமெல்லாம் போனது. அந்நாளைய டக்கோட்டா படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஜன்னல் வரிசையை ஒட்டி ஓடும் பட்டை வெறும் சாம்பலாகத் தெரிகிறது. ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு கண்ணில் படாது. அதில் சிவப்பு கறுப்பாக விழும். பான்குரோமேட்டிக் பிலிமில் அதே சிவப்பு நடுத்தரச் சாம்பல். ஆனால் கரும்பச்சையும் அடர்நீலமும் கிட்டத்தட்ட அதே சாம்பலில் வந்து நிற்கும். படமெடுத்தவர் லென்ஸுக்கு முன் மஞ்சள் ஃபில்டர் மாட்டியிருந்தால் நீலம் இன்னும் கறுத்துவிடும். ஒரே பட்டையை மூன்று நிறத்திலும் வாதாடி நிறுவலாம்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. வாலில் மூவர்ணக் கொடி தெரிகிற படங்களை மட்டும் பிரித்தெடுத்தேன். காவியும் பச்சையும் நமக்குத் தெரிந்த நிறங்கள். அவை எந்தச் சாம்பலாக விழுந்திருக்கின்றன என்று அளந்தால், அந்த பிலிம் உலகத்தை எப்படிப் பார்த்தது என்று கணக்குப் போடலாம். அதே கணக்கைப் பட்டையின்மேல் வைக்கலாம். கணக்கு சரிதான், படங்கள்தான் இடம் கொடுக்கவில்லை. பத்திரிகையில் அச்சானதை ஸ்கேன் செய்த படத்தில் கொடி என்பது நாலைந்து மைப்புள்ளிகள். பெரிதாக்கினால் காவியும் இல்லை, பச்சையும் இல்லை. வண்ணப் படங்கள் இன்னும் ஆபத்து. பழைய வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப்போவது வழக்கம், மிஞ்சுவது செம்மை. வானமே செம்மையாகத் தெரியும் படத்தில் விமானம் சிவப்பாகத் தெரிவதை எப்படிச் சான்றாக வைப்பது?

விபத்துப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பயணிகளில் ஒருவரின் பெயர் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஆப்ரகாம் வால்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர். இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைகளுக்காக மனைவியோடு வந்திருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடி பட்டுத் திரும்பி வந்த விமானங்களைப் பார்த்து எந்தப் பாகத்துக்குக் கவசம் வேண்டும் என்று கணிக்கும் முறையை 1943இல் எழுதியவர் அவர்தான். திரும்பிய விமானங்களில் எங்கே ஓட்டை அதிகமோ அங்கே அல்ல, எங்கே ஓட்டை குறைவோ அங்கேதான் ஆபத்து, அங்கே அடிபட்டவை திரும்பவில்லை என்று இன்று எல்லோரும் சொல்லும் பாடம் அந்தக் குறிப்புகளிலிருந்து கிளைத்தது. அந்த மனிதர் நம் நீலகிரியில், நான் வரைய முயலும் விமானத்திலேயே இறந்திருக்கிறார்.

அன்றைக்கு என் மேசையில் கிடந்தவற்றை அவர் கண்ணால் பார்த்தேன். வால்ட்டுக்குக் கிடைத்தவை திரும்பி வந்த விமானங்கள். எனக்குக் கிடைப்பவை விழுந்த விமானங்கள். ‘மலபார் பிரின்சஸ்’ என்று பெயர் சூட்டி, 1948இல் லண்டனுக்கு அனுப்பிப் படமெடுத்த கான்ஸ்டலேஷனை விட்டுவிடுங்கள். நம் ஊர்களுக்கு மேலே தினம் பறந்த சாதாரண டக்கோட்டாக்கள் ஏட்டில் ஏறியது பெரும்பாலும் விபத்துப் பதிவேட்டின் வழியாகத்தான். விடி-சிஎஃப்கே என்ற அதன் பதிவெழுத்துகள் எனக்குத் தெரிவதே அது மோதியதால்தான். அது ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய நாட்களுக்கு ஏடு கிடையாது. அந்த நாட்களில் ஒன்றில் அது போளூர்ப் பக்கம் வந்திருந்தால்? வரைபடத்தை வைத்து நான் மறுத்தது டிசம்பர் 13ஐ மட்டும்தானே.

கோயம்புத்தூரைத் தாண்டித் தெற்கே போன நாளென்றால் வழி எது என்று பார்க்க, கோயம்புத்தூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டேன். கோடு ஆனைமுடியை ஒட்டிப் போகிறது. 8,842 அடி உயரச் சிகரம். டக்கோட்டாவின் உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் ஏற்பாடு இல்லை. பயணிகளை வைத்துக்கொண்டு 10,000 அடிக்கு மேல் அதிகம் ஏற மாட்டார்கள். சிகரத்தை விட்டு விமானி கிழக்கே ஒதுங்கினால் எங்கள் மலையோரம்தான்.

லிவரியையும் புதிதாக ஆரம்பித்தேன். போர் முடிந்து அமெரிக்க ராணுவம் கழித்த சி-47களை, அதாவது ராணுவ டக்கோட்டாக்களை, வாங்கிப் பயணிகள் விமானமாக மாற்றிய காலம் அது. வண்ணம் என்றால் எடை, எடை என்றால் பெட்ரோல். அதனால் உடலின் பெரும்பகுதியை வெற்று உலோகமாகவே விடுவார்கள். டியூரலுமின் தகட்டின்மேல் மெல்லிய அலுமினியப் போர்வை, ஆல்கிளாட் என்று பெயர், தேய்த்தால் பளபளக்கும். இதைச் சிமுலேட்டரில் சாம்பல் வண்ணம் அடித்துக் கொண்டுவர முடியாது. நிறத்துக்கு ஒரு படம், அதன்கூடவே இன்னொரு படம் வேண்டும். அதன் பச்சை அடுக்கில் சொரசொரப்பு, நீல அடுக்கில் உலோகத்தன்மை. ஒவ்வொரு தகடும் உருட்டப்பட்ட திசை வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் சொரசொரப்பைச் சற்றே மாற்ற வேண்டும். அப்போதுதான் வெயில் ஒரு தகட்டில் எரிந்து பக்கத்துத் தகட்டில் அடங்கும். இந்த வேலை எனக்கு எத்தனை பிடித்திருந்தது என்றால், பட்டையின் நிறத்தையே கொஞ்ச காலம் மறந்துவிட்டேன்.

மடிக்கணினியோடு போளூர் போனேன். அத்தை திண்ணையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பட்டை போட்டிருந்த பழைய லிவரியைக் காட்டினேன். “இது இல்ல தம்பி.” வெற்று உலோகத்தை நண்பகல் வெயிலில் காட்டினேன். “இது தகரம்ல.” எப்போது பார்த்தீர்கள், எந்த நேரம் என்று கேட்டேன். “அய்யாவுக்குக் காலக் கஞ்சி கொண்டுபோறப்ப. மேக்க பாத்து நடந்துக்கிட்டிருந்தேன்.”

கடிகாரத்தைச் சூரியன் எழும் நேரத்துக்குத் திருப்பினேன். பார்வையைப் போளூர்க் காட்டில் நிறுத்தி, மேற்கு முகடுகளுக்கு மேலே வெற்று உலோக டக்கோட்டாவைப் பறக்கவிட்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் காலை வெயில் நேராகப் போய் அதன் விலாவில் விழுந்தது. மேற்கு வானத்தில் அடுப்புக் கங்குபோல ஒரு சிவப்பு நகர்ந்தது. வண்ணமே பூசாத விமானத்தில் அந்தச் சிவப்பு! பதிவேட்டிலும் பிலிமிலும் தேடிய நிறம் அந்த நேரத்து வெயிலில் இருந்திருக்கிறது. என் சந்தோஷத்தில் அத்தையைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “செவப்பு சரிதான். ஆனா இம்புட்டு தூரத்துல இல்ல. கீழ வந்துச்சு. சத்தத்துல மாடு அத்துக்கிட்டு ஓடுச்சு.”

தாழ்த்தினேன். இன்னும் தாழ்த்து என்றார். தாழ்த்தத் தாழ்த்த விமானம் முகட்டுக்குப் பின்னால் மறைந்தது. முகட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தால்தான் தெரியும். இவ்வளவு தாழ்வாக மலைகளுக்கு நடுவே ஒரு விமானி ஏன் வரவேண்டும் என்று கேட்டேன். “மேகம்டா. மலையெல்லாம் மூடிக் கெடந்துச்சு.” வடகிழக்குப் பருவத்தில் ரேடார் துணையில்லாத விமானி, மேகத்துக்கு அடியில் தரை தெரிகிற வழியாகப் பதுங்கி வருவது நடக்கக்கூடியதுதான்.

அப்படியானால் என் காலை வெயில் போயிற்று. மலை மூடிய மேகத்துக்கு அடியில் சிவப்பு ஒளி இல்லை. வெற்று உலோகம் அங்கே வானத்தின் சாம்பலைத்தான் காட்டும். அத்தை கண்டது சிவப்பு என்றால் அது பூசிய சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் கீழே நிற்கிறவருக்குத் தெரியும்படி அடிவயிற்றிலோ இறக்கையின் அடியிலோ. “அடியிலதான் இருந்துச்சு. எத்தன வாட்டி சொல்றது?” என்றார் அத்தை. எழுபது வருடத்துக்கும் மேலாக அவர் சொல்லிவருவதில், அடியில் என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் அடுத்தவருக்குச் சொல்லவே இல்லை.

வெற்று உலோக லிவரியை முடித்து விடி-சிஎஃப்கே என்று எழுதி வைத்துவிட்டேன். அந்த விமானத்துக்கு விழாத நாள் ஒன்றாவது இருக்கட்டும். அத்தையின் விமானம் வேறு. 1953இல் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனில் கலந்தவை எட்டு நிறுவனங்கள். ஏர் இந்தியா அவற்றில் ஒன்றுதான். மீதி ஏழில் யார் டக்கோட்டாவின் அடியில் சிவப்புப் பூசினார்கள் என்று பார்க்க வேண்டும். ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.