மறக்கத் தெரியாத சில்லு

மறதியைக் குறையென்றே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் கணினியின் பழைய தலைமுறைகளில் மறதிக்கு ஒரு நல்ல பயன் இருந்தது. கணினியை இயக்கியதும் முதலில் விழித்தெழும் நிரலுக்கு பயாஸ் என்று பெயர். 1970களில் சிபி/எம் இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால் வழங்கிய பெயர் அது. விண்டோஸோ லினக்ஸோ கண்விழிக்கும் முன்பே விசைப்பலகையையும் திரையையும் வன்தட்டையும் எழுப்பிவிடுவது அதன் வேலை. அந்த வாசலிலேயே ஒரு கடவுச்சொல்லை இட்டுப் பூட்டிவைக்கவும் முடியும்.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில், கடிகாரத்தோடு சேர்ந்து 64 பைட் நினைவு கொண்ட ஒரு சில்லு இருந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் ஒரு மின்கலம் அதன் நினைவைக் காத்தது. பின்னர் வந்த மேசைக் கணினிகள் பலவும் கடவுச்சொல்லை இத்தகைய நினைவகத்திலேயே வைத்தன. ஆகவே சொல் மறந்துபோனால் பெட்டியைத் திறந்து, நாணயம் போன்ற அந்த மின்கலத்தைக் கழற்றிச் சற்று நேரம் காத்திருந்தால் போதும். மனிதன் மறந்ததை இயந்திரமும் மறந்துவிடும்.

மடிக்கணினிகளில் பலவற்றுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. ரயிலிலும் பேருந்திலும் களவு போகக்கூடிய பொருள் என்பதால், மின்கலத்தின் தயவு தேவைப்படாத வேறொரு சில்லில் சொல்லைப் பதித்துவைத்தார்கள். மின்கலத்தைக் கழற்றி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் அது மறக்காது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. அது திருடனையும் முதியவரையும் பிரித்தறியாது என்பதை என் சித்தப்பாவின் வீட்டில் கண்டேன்.

சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நடந்து திரிந்து, ஏரி, தாங்கல், குட்டை, கழனி ஆகியவற்றின் பெயர்களைப் பத்து ஆண்டுகளாகச் சேகரித்தவர். வீட்டுமனைகளாகிவிட்ட தாங்கல்களின் பெயர்கள் அவருக்குத் தகவல் சொன்ன கிழவர்களோடு போய்விட்டன. எஞ்சியவை அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருந்தன. பக்கவாதம் வந்து மீண்டபோது நடை திரும்பியது, பேச்சும் பெரும்பாலும் திரும்பியது. கணினி வாசலில் கேட்கும் சொல் மட்டும் திரும்பவில்லை.

"ஏரி பேரெல்லாம் வரிசையா வருதுடா. நான் வெச்ச பேரு வரமாட்டேங்குது" என்றார். ஏதோவொரு நீர்நிலையின் பெயர்தான் என்பதில் அவருக்கு ஐயமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறார். ழகரத்துக்கு இசட்டும் எச்சும் இட்டாரா, வெறும் எல்லா? நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தாரா? ஊரார் வாயில் ஒன்றாக ஒலிக்கும் பெயர் இயந்திரத்துக்கு எட்டு வெவ்வேறு சொற்கள். மூன்று முறை தவறினால் அது உறைந்து நின்றுவிடும். அணைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

சேவை மையத்தில் வாங்கிய ரசீதைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரசீதைக் காட்டியதும் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தச் செலவில் பழைய கணினி ஒன்றையே வாங்கிவிடலாம். சென்னை ரிச்சி தெருவின் சந்து ஒன்றில் இருந்த இளைஞர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். "சார், உங்களுக்கு மெஷின் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா?"

உள்ளே இருப்பது என்றேன். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, வன்தட்டை உருவி, யுஎஸ்பி உறையொன்றில் பொருத்தித் தன் கணினியில் செருகினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தாங்கல்கள் அத்தனையும் திரையில் வரிசையாக நின்றன.

மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு திகைப்பும் வந்தது. அந்தச் சொல் இத்தனை நாளும் காத்தது தகடும் பிளாஸ்டிக்குமான கூட்டைத்தான். எழுத்துகளைக் காக்க வேண்டுமானால் வன்தட்டுக்கே தனிக் கடவுச்சொல் இட வேண்டும், அல்லது பிட்லாக்கர் போன்ற ஒன்றால் தரவையே மறையாக்கம் செய்ய வேண்டும். சித்தப்பா அவ்விரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் ரிச்சி தெரு இளைஞரும் கைவிரித்திருப்பார். இன்று வரும் பல மடிக்கணினிகளில் மறையாக்கம் தானாகவே அமைந்துவிடுகிறது. சேமிப்பகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுவதும் உண்டு. திருடனுக்கு எதிரான பூட்டு வலுக்க வலுக்க, நம் முதுமைக்கு எதிராகவும் அது வலுக்கிறது.

இதற்கு மின்னணுவியலில் விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில், ஒரு தாளில், எழுத்துக்கூட்டலோடு அந்தச் சொல்லை எழுதி வைப்பதும், தாள் இருக்குமிடத்தை இன்னொருவரிடம் சொல்லி வைப்பதும்தான் எனக்குத் தெரிந்த வழி. நினைவை நம் ஒருவர் தலையில் மட்டும் வைக்காமலிருப்பது. சித்தப்பா ஊர் ஊராகப் போய்ச் செய்துகொண்டிருந்ததும் இதைத்தான்.

கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றிக் கொடுத்து, அச்செடுத்து ஒரு படியும் கட்டியாகிவிட்டது. பழைய மடிக்கணினியை விற்க அவர் சம்மதிக்கவில்லை. காலைக் காப்பிக்குப் பிறகு அதைத் திறந்து மூன்று சொற்களை இட்டுப் பார்க்கிறார். தவறிய சொற்களைச் சித்தி ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். போன வாரம் அதைப் புரட்டினேன். அச்செடுத்த பட்டியலில் இல்லாத இரண்டு குட்டைகளின் பெயர்கள் அதில் இருந்தன.