பத்து ரூபாயும் கடைசிப் பிரிவும்

எங்க தெருவுல நாலைஞ்சு பேர் சேர்ந்து மனு போடுறவங்க. தெருவிளக்கு, சாக்கடை, ரோடு, அவ்வளவுதான். கட்சி எல்லாம் கிடையாது. கையில இருக்கிறது 2005 தகவல் உரிமைச் சட்டமும், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும்.

அந்தச் சட்டம் டெல்லிக்காரங்க மனசிரங்கிக் கொடுத்தது இல்லைங்க. ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரங்க, "எங்க பேர்ல எழுதின கணக்கைக் காட்டு"ன்னு கேட்டதுல ஆரம்பிச்சது. 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். பதிவேட்டில் யார் பேர் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே திருட்டு பிடிபடும்?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மொத்தம் 44 பிரிவு. கடைசிப் பிரிவில் சத்தமில்லாமல் ஒரு உட்பிரிவு. அது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ)-யை மாற்றுகிறது. 2025 நவம்பரில் அமலுக்கும் வந்தாச்சு. முன்பு பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத சொந்த விவரம்னா மறுக்கலாம். இப்ப 'தனிநபர் தகவல்' என்ற ஒரு வார்த்தையே போதும். நாளைக்கு ரோடு போட்டவர் பேரைக் கேட்டாலும் அதையே சொல்லலாம்.

நல்லவேளை, 8(2) இன்னும் இருக்கு. வெளியிடுவதால் வரும் பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிசுன்னா தகவல் தரலாம். அதனால எங்க மனுக்களில் இனி அந்தப் பொதுநலனை விளக்கி ரெண்டு வரி எழுதுறதுன்னு முடிவு. மறுத்தா 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

"பார்லிமெண்ட் மசோதா எல்லாம் நமக்கெதுக்கு?"ன்னு கேக்கிற அண்ணன்களே, நம்ம தெரு ரோட்டுக் கணக்கு அங்கதான் மாட்டியிருக்கு. மசோதா வந்தா கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்க.