கல்லாற்றில் தமிழ் மறவன்

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டிக்கு ஏறும் அவசரத்தில் பலரும் கல்லாறில் நிற்பதே இல்லை. வெயில் ஏறியதும் ஆற்றோர ஈர மணலில் உப்புச்சத்தை உறிஞ்ச வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக இறங்கும். அவற்றில் தமிழ் மறவனைத் தேடுங்கள். 2019-ல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது இதுதான்.

பறக்கும்போது ஆரஞ்சு நிறமும், மை தொட்டு இழுத்தது போன்ற கறுப்பு விளிம்பும் தெரியும். பின் இறக்கையில் வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள். எனக்குப் பிடித்தது அடிப்பக்கம்தான்! இறக்கையை மூடி உட்கார்ந்தால், வெளிறிய காவி நிறத்தின் குறுக்கே வெள்ளிப் பட்டை ஒன்று ஓடும். செல்போனை நீட்டிக்கொண்டு ஓடினால் அதைப் பார்க்க முடியாது. நம் நிழல் அதன்மேல் விழாமல், சற்றுத் தள்ளிக் குத்தவைத்து உட்கார வேண்டும்.

இதன் புழு தின்பது நீரடிமுத்து இலையை. அந்தக் காலத்தில் தொழுநோய்க்கு எண்ணெய் தந்த மரம் அது. ஓடையோரத்தில் அதை வெட்டிவிட்டால், அரசாணை இருந்தாலும் மறவன் அங்கே முட்டையிடாது.